தனியாக ட்ரவுட் பிடிக்கப் போன காலையும் அதன் செலவுக் கணக்கும்

காலை ஐந்தே முக்காலுக்கு ஆற்றோரம் வண்டியை நிறுத்திப் பூட்டினேன். மறுபடி அந்தக் கதவைத் திறந்தபோது மதியம் மூன்று மணி. நடுவில் போனவை: ராட் என்கிற தூண்டில் கம்பின் மேல் பாதி, போன், வண்டிச் சாவி, பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி, ஃப்ளைப் பெட்டி ஒன்று. எல்லாம் ஒரு வருஷமாக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு ஒதுக்கி வாங்கியவை. வரவு என்று பார்த்தால் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பும் முறியவில்லை, அதனாலேயே பல நாள் இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஃப்ளை ஃபிஷிங் பற்றி நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் பனி விலகும் ஆறு, வளைந்து பறக்கும் லைன், கையில் பளபளக்கும் மீன், இவ்வளவுதான். ஒற்றை ஆளாகப் போகிறவனுக்கு என்னென்ன ஆகலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் காது கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

அதுவரை இரண்டு கோடையும் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு நண்பரோடுதான் போய்வந்தேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முடிச்சுப் போடுவது, லைன் வீசுவது, மீன் எங்கே நிற்கும் என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம், மீன் நன்றாக எடுத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து "போதும், வா" என்பார். எரிச்சலாக வரும். அந்த வாரம் அவருக்கு முதுகுப் பிடிப்பு. நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்றதும் "ஒத்தையா எதுக்குடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு உள்ளூர சந்தோஷம், இன்றைக்குப் போதும் என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் மனைவியிடம் "ஆத்துக்குப் போறேன், மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆற்றில் நாங்கள் இறங்கும் இடங்களே ஐந்தாறு இருக்கும், ஒன்றுக்கொன்று அரை மணி நேர வண்டிப் பயணம். எது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்: வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து ஆற்றின் மேல்பக்கம் போவேனா கீழ்ப்பக்கமா, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் ஆனால் கவலைப்பட ஆரம்பிக்கலாம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் "வந்துடுவார், மீன் மாட்டியிருக்கும்" என்று இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

விடியற்காலையில் போவதற்குக் காரணம் உண்டு. ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம், 20 தாண்டினால் திணற ஆரம்பிக்கும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் தாங்குகிற தண்ணீர் 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான் தாங்கும். அதே சூட்டில் மீனின் உடம்புக்கோ ஆக்சிஜன் அதிகம் வேண்டும். வரவு குறையக் குறையச் செலவு ஏறும் குடும்பம் மாதிரி. ராத்திரி முழுக்க ஆறிய தண்ணீர் சூரியன் வருகிற நேரத்தில்தான் அதிகக் குளிர்ச்சியாக இருக்கும், பிற்பகல் முடிகிற நேரத்தில் அதிகச் சூடு. அதனால் கோடையில் இருட்டு விலகும்போது இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும். தண்ணீர் 20ஐத் தொட்டால் லைனைச் சுருட்டிவிடுவது நல்ல பழக்கம், ஏனென்றால் அந்தச் சூட்டில் இழுத்துப் போராடிய மீனை நாம் பத்திரமாக விட்டாலும் அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. என் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. இறங்கும்போது பார்த்தேன், 14. பையில் போட்டேன். அதற்கப்புறம் அன்று முழுக்க அதை வெளியே எடுக்கவில்லை.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஃப்ளை என்றால் ஈ, பூச்சி. சின்ன முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சி போலவே கட்டியிருப்பார்கள், ஊதினால் பறந்துவிடும் கனம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே கனம் லைனில் இருக்கிறது, லைன்தான் ஃப்ளையைச் சுமந்து போக வேண்டும். அதற்கு லைனை முதலில் முதுகுக்குப் பின்னால் நீளமாக விரிய விட்டு, அது நேரானதும் முன்னால் வீச வேண்டும். பின்னால் மரம் இருந்தால் மீனுக்கு முன்னால் மரம்தான் மாட்டும். அண்ணன் இருந்தால் கரையில் நின்று "பின்னாடி கிளை" என்று குரல் கொடுப்பார். அன்று முதல் முக்கால் மணி நேரத்தில் மூன்று ஃப்ளையை மரத்துக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் லைனின் முனையில் கட்டியிருக்கும் மெல்லிய நரம்பின் நுனியைப் புதிதாக முடிய வேண்டும். நுனி நரம்பின் தடிமன் 0.15 மில்லிமீட்டர், அரை வெளிச்சத்தில் அதை ஊசிக் காது அளவுள்ள முள்ளின் கண்ணில் கோக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தனியாகப் போகிறவர்கள் வீட்டிலேயே நான்கைந்து நுனிகளை ஃப்ளையோடு முடிந்து சுற்றி எடுத்துப் போங்கள், அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும். முதல் வீச்சுக்கு முன் ஒருமுறை முழுசாகத் திரும்பிப் பின்னால் பாருங்கள். இதையெல்லாம் ஒருவர் சொல்லணுமா என்றால், சொல்லணும்.

இனி உடை. மார்பு வரை வரும் தண்ணீர் புகாத கால்சட்டை ஒன்று உண்டு, பெயர் வேடர். வில்லும் அம்பும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அதன் மேல் இடுப்பில் ஒரு பெல்ட் கட்ட வேண்டும். விழுந்தால் தண்ணீர் உள்ளே வேகமாக நிறையாமல் தடுப்பது அந்த பெல்ட்தான். என்னுடையது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று அன்று வண்டியிலேயே விட்டுவிட்டேன். ஊன்றிப் போக ஒரு தடியும் இருந்தது, அதுவும் வண்டியில். இரண்டையும் எடுக்காமல் கதவைச் சாத்தியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏழேகால் மணிக்கு ஆறு விழித்தது. மேஃப்ளை என்று ஒரு பூச்சி, வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றடியில் புழுப் பருவத்தில் கழித்துவிட்டு, இறக்கை முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வாழும். சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. கூடி, முட்டையிட்டு, தண்ணீரிலேயே விழுந்து செத்துப்போகும். அப்படி விழுந்தவை இறக்கையை இரண்டு பக்கமும் விரித்தபடி மிதந்து வர, ட்ரவுட்கள் அலட்டிக்கொள்ளாமல் மேலே வந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, முத்தம் கொடுக்கிற சத்தம்தான். கையளவு மீன் இரண்டு பிடித்தேன், கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிட்டேன். காய்ந்த கையால் பிடித்தால் மீன் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும், நோய் தொற்றாமல் அதைக் காப்பதே அந்த வழுவழுப்புதான். எட்டரைக்கெல்லாம் பூச்சி ஓய்ந்துவிட்டது. அண்ணன் இருந்திருந்தால் இங்கே ஒரு "போதும்" விழுந்திருக்கும். எனக்கும் கரையேறலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் எதிர்க்கரையில், தாழ்ந்து தொங்கிய ஒரு கிளைக்கு அடியில், பெரிய மூக்கு ஒன்று மேலே வந்து உள்ளே போனது.

ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும், இரை மேலிருந்து மிதந்து வரும் என்பதால். எனவே பின்னாலிருந்து, அதாவது கீழிருந்து மேல் நோக்கிப் போய் வீசுவதுதான் வழக்கம். இந்த மீனுக்குப் பின்னால் கிளை மறைத்தது. மேலிருந்து ஃப்ளையை மிதக்கவிட்டுத்தான் கிளைக்கு அடியில் அனுப்ப முடியும். ஆற்றின் நடுவில் கூழாங்கல் திட்டு ஒன்று கீழ்நோக்கி, நாக்கு மாதிரி சரிவாக நீண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் முதுகில் நடந்தேன். முழங்கால் அளவு. ஓட்டம் பின்னாலிருந்து தள்ளியதால் நடப்பது சுலபமாக இருந்தது. வீசினேன், எட்டவில்லை. இன்னும் ஓரடி. வீசினேன், ஓட்டம் லைனை இழுத்து ஃப்ளை தண்ணீரில் கோடு கிழித்தது, அப்படி இழுபடும் பூச்சியை எந்த மீனும் நம்பாது. இன்னும் ஓரடி. இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. நடுநடுவே ஃப்ளை மாற்றினேன், மீன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது, அது இன்னும் கொடுமை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், நான் கிளம்பிய இடம் நாற்பதடி மேலே இருந்தது. தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது, அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீடுகளில் காதில் விழாத குழந்தை உண்டா? எனக்கு ஆழம் தெரிந்ததாகத்தான் நினைத்தேன், அதுதான் வினை. தெளிந்த தண்ணீர் பொய் சொல்லும். ஒளி தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது வளைவதால், நேர் மேலே நின்று குனிந்து பார்த்தாலே நான்கடி ஆழம் மூன்றடியாகத்தான் தெரியும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக. எதிரே முழங்கால் அளவு என்று கண் சொன்னால் தொடையளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஓட்டத்தின் பலம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலில் விழும் தள்ளு நான்கு மடங்கு. இடுப்பு நனையும் அளவுக்குப் போய்விட்டால் உடம்பு மிதக்கப் பார்க்கும், பாதத்துக்குப் பிடிப்பு போய்விடும். இதோடு திட்டின் சரளைக் கல் வேறு. அசையாமல் நின்றாலே குதிகாலுக்குப் பின்னால் ஓட்டம் கல்லை அரித்துக்கொண்டு போவதை பூட்ஸுக்குள்ளிருந்தே உணர முடிந்தது, நிமிஷத்துக்கு நிமிஷம் நான் தரையோடு சேர்ந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தேன். ஆற்றில் ஓட்டத்தோடு கீழே இறங்கிப் போனால் அதே வழியில் திரும்பி வர முடியும் என்று நினைக்காதீர்கள். இறங்குவதற்கு முன்பே எந்த வழியாகக் கரையேறுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் உள்ள இடத்தில் பாதித் தொடையைத் தாண்டித் தண்ணீர் வந்தால் திரும்பிவிடுங்கள். எதிரே திமிங்கலமே நின்றாலும்.

பத்து மணி சுமாருக்கு மீன் எடுத்தது. அப்போது நான் போட்டிருந்தது இரட்டை முள். மேலே மிதக்கிற ஒரு ஃப்ளை, அதன் வளைவிலிருந்து ஒன்றரை அடி நரம்பில் தண்ணீருக்குள் தொங்குகிற குட்டி ஃப்ளை. மீன் கவ்வியது அடியில் இருந்ததை. தொடையளவு தண்ணீரில் நின்றபடியே பத்து நிமிஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டினேன். கரைக்குப் போய் இழுத்திருக்க வேண்டும், முடியவில்லை, திட்டின் நுனியில் நின்றேன், மூன்று பக்கமும் ஆழம். கடைசியில் மீன் பக்கத்தில் வந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், பக்கவாட்டில் செம்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிர்நீல வளையம். ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் நரம்பைப் பிடித்தேன். மீன் தலையை ஒரு உதறு உதறிக் கீழே பாய்ந்தது. நரம்பு என் விரல்களுக்குள் ஓட, மேலே இருந்த ஃப்ளை வந்து கட்டைவிரல் சதையில் இறங்கி நின்றது.

முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்புறமாகத் திரும்பிய குட்டி முள் ஒன்று இருக்கும். போனது வெளியே வராமல் இருக்க வைத்தது அது. குறடால் அதை நசுக்கிவிடலாம், ஒரு நொடி வேலை. மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அடியில் இருந்த குட்டி ஃப்ளைக்கு நசுக்கியிருந்தேன். மேலே இருந்ததற்குச் சோம்பல், "இதுதானே, பரவாயில்லை" என்று. இப்போது நிலைமையைப் பாருங்கள்: என் கட்டைவிரலில் ஒரு முள், அதிலிருந்து ஒன்றரை அடி நரம்பு, நரம்பின் மறுநுனியில் உயிரோடு ஒரு பெரிய மீன். அது இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் என் சதையில். கத்தினேன். கேட்க ஆளில்லாத இடத்தில் கத்துவது எவ்வளவு அசிங்கமான சத்தம் என்று அன்றுதான் தெரிந்தது. மீன் போகிற பக்கம் கையைக் கொடுத்தபடி, யோசிக்காமல் ஒரு கால் எடுத்து வைத்தேன். அங்கே தரை இல்லை.

தலை வரை உள்ளே போய் வந்தேன். மீனும் நானும் இரண்டு பக்கம் இழுத்ததில் நரம்பு அறுந்தது, அது ஒன்றுதான் அன்று எனக்கு நடந்த நல்லது. மீனின் வாயில் இருந்த முள் நசுக்கிய முள், தானாகவே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வேடருக்குள் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது, கால் இரண்டும் தண்ணீர்ப் பானை ஆயின. இது என்னை அடியில் இழுத்துக்கொண்டு போகப் போகிறது என்றுதான் நினைத்தேன், பயத்தில் எழுந்து நிற்கப் பார்த்தேன். அதுதான் செய்யவே கூடாதது. ஒரு கால் இரண்டு கல்லுக்கு நடுவே போய் மாட்டியது, முதுகில் ஓட்டம் குப்புறத் தள்ளியது, முகம் தண்ணீருக்குள். இரண்டு விநாடி இருக்குமா, மூன்றா, தெரியாது. பூட்ஸ் கழன்று கால் உருவிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம்தான் அண்ணன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து மல்லாந்தேன். மல்லாந்து, காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கையால் துழாவித் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். முழங்கால் அளவுக்கும் குறைந்த, ஓட்டம் செத்த தண்ணீர் வரும்வரை எழுந்து நிற்கக் கூடாது. ஐம்பது அறுபதடி போயிருப்பேன். ராடைக் கைவிட மனசே வரவில்லை, என்ன முட்டாள்தனம், அது ஏதோ பாறையில் மாட்டி இணைப்பு விட்டுப்போய் மேல் பாதி ஆற்றோடு போனது. கண்ணாடி, பெட்டி, மேல் பையில் ஜிப் போடாமல் வைத்திருந்த சாவி எல்லாம் எந்த நொடியில் போயின என்று தெரியவில்லை.

வேடரில் தண்ணீர் புகுந்தால் முங்கிவிடுவோம் என்பது பலருக்கும் உள்ள பயம். உண்மையில் உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே கனம், அதனால் அது நம்மை அமுக்காது. அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் பிரமுகர் லீ வுல்ஃப், இதை நிரூபிக்க வேடரோடு பாலத்திலிருந்தே ஆற்றில் குதித்துக் காட்டினார். சிரமம் கரையேறும்போதுதான், அந்தத் தண்ணீர் முழுவதையும் சுமந்துகொண்டு எழ வேண்டும். நான் ஓரத்தில் குழந்தை மாதிரி தவழ்ந்து, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எழுந்தேன். பூட்ஸின் அடியைப் பற்றியும் ஒன்று. எனது சாதாரண ரப்பர், பாசிக் கல்லில் சோப்பு மாதிரி வழுக்கும். கம்பளி ஒட்டிய அடி நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது ஈரத்தோடு ஒரு ஆற்றுப் பாசியை இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். டிடிமோ என்ற பாசி அப்படிப் பரவுகிறது என்று நியூசிலாந்தில் 2008இல் கம்பளி அடிக்குத் தடையே போட்டார்கள். ஆணி பதித்த ரப்பர் வாங்குங்கள், எதை வாங்கினாலும் ஆறு மாறும்போது கழுவி முழுக்கக் காயவிடுங்கள்.

எழுந்து நின்று மூச்சு வாங்கியபின்தான் எதிர்க்கரையில் என் வண்டியைப் பார்த்தேன். தப்பான பக்கம் கரையேறியிருந்தேன். மறுபடி அந்தத் தண்ணீரில் இறங்குவதாக இல்லை. அந்தப் பக்கம் பாதையும் கிடையாது, கீழே பாலம் ஒன்று உண்டு என்று மட்டும் தெரியும். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வேடரின் உறை மட்டும், கட்டைவிரலில் முள், அதைச் சுற்றி மிஞ்சிய நரம்பைப் பல்லால் கடித்து எறிந்துவிட்டு நடந்தேன். இரண்டு மணி நேரம். பயம் போய் வெட்கம் வந்தது, வெட்கம் போய்க் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். கொஞ்ச நேரம் அண்ணன் மேல்கூடக் கோபப்பட்டேன், முதுகுப் பிடித்துக்கொண்டதற்காக.

பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "என்ன தம்பி இது கோலம்" என்றவர் விரலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முள்ளை எடுக்க மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. முள்ளின் வளைவில் வலுவான நரம்பு ஒன்றைக் கோத்து, முள்ளின் கண் இருக்கும் பக்கத்தைத் தோலோடு சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினால் உள்ளே பின்பக்கம் மாட்டிய குட்டி முள் சதையை விட்டு விலகிக் கொடுக்கும். அந்த நிலையிலேயே, முள் போன வழியில் பின்னோக்கி, தோலுக்கு இணையாக ஒரே வெட்டில் இழுத்துவிட வேண்டும். மெதுவாக இழுத்தால் நடக்காது. இது எனக்கு மனப்பாடம். ஆனால் அழுத்த ஒரு கை, இழுக்க ஒரு கை, முள் இருப்பது மூன்றாவது கையில் என்றால்தான் இது தனி ஆளுக்கு நடக்கும் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. சட்டைப் பையில் மிச்சமிருந்த நரம்புச் சுருளை அவரிடம் கொடுத்தேன், நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "கண்ணை மூடிக்கட்டுமா தம்பி?" என்றார். "நீங்க மூடாதீங்க ஐயா, நான் மூடிக்கிறேன்" என்றேன். அவரும் மூடிக்கொண்டுதான் இழுத்தார் என்று நினைக்கிறேன், ஆனால் முள் வந்துவிட்டது. வலிகூடப் பெரிதாக இல்லை. அதைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதையா மீன் நிசம்னு நம்புது?" கண், மூட்டு, கழுத்துப் பக்கம் மாட்டினால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், அப்படியே அசைக்காமல் மருத்துவரிடம் போங்கள். வெளியே எடுத்துவிட்டாலும், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நினைவே இல்லை, அதனால் அன்று மாலையே போட்டுக்கொண்டேன்.

அவர் போனை நீட்டியபோது அடுத்த பிரச்சினை. மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது. பத்து வருஷமாகப் பெயரைத் தொட்டுத்தானே கூப்பிடுகிறேன். என் நம்பர் தெரியும், அது ஆற்றடியில் இருக்கிறது. பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆற்றில் விழுந்ததைவிடக் கூனிக் குறுகினேன். கடைசியில் என் அலுவலகப் பொது நம்பர் ஞாபகம் வந்து, அங்கே பேசி, அவர்கள் என் கோப்பைப் பார்த்து, வீட்டுக்குச் சொல்லி, மனைவி மாற்றுச் சாவியோடு வந்து சேர மூன்று மணி. வந்தவள் திட்டவில்லை. "எந்த எடம்னு சொல்லிட்டுப் போனா என்ன" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வழி நெடுகப் பேசவில்லை, அதற்குத் திட்டியே இருக்கலாம். இப்போது இரண்டு நம்பரை அழியாத பேனாவால் எழுதி வேடரின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன் தண்ணீர் புகாத பைக்குள், பை கழுத்துக் கயிற்றில். வண்டிச் சாவியை உள்சட்டைப் பையில் போட்டு ஊக்கு குத்திவிடுகிறேன். ஒரு விசிலும் உண்டு. ஆற்றுச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, விசில் கேட்கும்.

மனசுக்குள் ஆறாத ஒன்று உண்டு. அடுத்த வாரம் அண்ணனோடு அதே இடத்துக்குப் போய், அதே பத்து மணிக்குத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 21. வெயிலும் அன்றைப் போலத்தான் இருந்தது. அந்தச் சூட்டில்தான் அந்த மீனைப் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுத்திருக்கிறேன். முள் தானாக விழுந்திருக்கும் என்று மேலே எழுதினேனே, அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதல். அண்ணன் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ராடின் மேல் பாதியைத் தேடினோம், கிடைக்கவில்லை. பூட்ஸ் கிடைத்தது, அதே இரண்டு கல்லுக்கு நடுவில். பிடுங்க இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் தனியாகப் போயிருக்கிறேன், நான்கு முறை. பெல்ட், தடி, காகிதத் துண்டு எல்லாம் உண்டு. கடிகாரத்தில் ஒன்பது மணிக்கு அலாரம். போன முறை அது அடித்தபோது, இருபதடி தள்ளி ஒரு மீன் நிதானமாக மேலே வந்து பூச்சி எடுத்துக்கொண்டிருந்தது, ஒரே ஒரு வீச்சு தூரம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 18. இன்னும் இரண்டு டிகிரி இருக்கிறதே என்று கை துறுதுறுத்தது. லைனைச் சுருட்டி ஃப்ளையை ராடின் வளையத்தில் மாட்டினேன். கரையேறித் திரும்பிப் பார்க்கையில் அது மறுபடி மேலே வந்தது.